புல்வெளியும் காடுதான்: நீலகிரியில் மாணவர்களுக்குச் சோலையைக் கற்பிக்கும்போது

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று நம் பள்ளிகள் பலவற்றில் மரக்கன்று நடுகிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் ஆண்டுதோறும் அதை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைகள், காடு என்றால் மரங்களின் கூட்டம், மரம் இல்லாத இடம் வெற்று நிலம் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நீலகிரியில் பள்ளி மாணவர்களுக்கு இயற்கை முகாம்கள் நடத்திவரும் எனக்கு, உணவுச்சங்கிலியை விளக்குவது எளிதாக இருக்கிறது. அந்த முடிவைக் கலைப்பதுதான் கடினமாக இருக்கிறது. மலைமுகட்டில் பரந்து கிடக்கும் புல்வெளியைக் கண்டதும் மேல்நிலை வகுப்பு மாணவர்கள்கூட, "இங்கே ஏன் யாரும் மரம் நடவில்லை?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இதைவிட நல்ல தொடக்கம் ஆசிரியருக்குக் கிடைக்காது என்பதால், உடனே பதில் சொல்லிவிடாமல் அந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

நீலகிரியின் மேற்பகுதியில் மலையின் சரிவுகளையும் முகடுகளையும் புல் மூடியிருக்கும். நீர் கசிந்து ஓடும் மடிப்புகளில் மட்டும் குட்டையான, நெருக்கமான மரங்களைக் கொண்ட சோலை ஒதுங்கி நிற்கும். யாரோ மரங்களை வெட்டியதால்தான் புல் வந்தது என்று மாணவர்கள் ஊகிப்பார்கள். நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் கரிமண்ணை ஆராய்ந்த அறிவியலாளர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல்வெளி இருந்ததைக் கண்டறிந்திருக்கிறார்கள். கோடரியும் தோட்டப்பயிரும் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அது இங்கே இருக்கிறது. அது நிலைத்திருப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று உறைபனி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்தவெளியின் தரைமட்டத்தில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கும்போது, புல்வெளியில் முளைத்த சோலை மரக்கன்றுகள் கருகிவிடுகின்றன. புல்லின் வளர்முனையோ மண்ணை ஒட்டித் தாளடிக்குள் மறைந்திருப்பதால், மேலே உள்ள இலை முழுவதும் காய்ந்தாலும் மழை வந்ததும் மீண்டும் துளிர்க்கிறது. தடித்த பட்டையுடைய ரோடோடென்ட்ரான் போன்ற மிகச் சில மரங்களே பனியையும் தீயையும் தாங்கிப் புல்லின் நடுவே தனித்து நிற்கின்றன.

இவ்வளவையும் சொல்லி முடித்தாலும், கையால் தொட்டுப் பார்க்காத வரை பிள்ளைகளின் மனத்தில் அது தங்குவதில்லை. அதனால் நான்கு முளைக்குச்சிகளும் சணல் கயிறும் கொடுத்து, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் கட்டச் சொல்கிறோம். ஒரு சதுரத்துக்கு ஐந்தாறு பேர் போதும். செடிகளின் பெயர் கேட்பதில்லை. ஒன்றிலிருந்து ஒன்று எப்படி வேறுபடுகிறது என்பதை மட்டும் வரைந்து குறிக்க வேண்டும். தொடக்கத்தில் "எல்லாம் புல்தான்" என்பார்கள். ஒரு தண்டை விரலிடையில் உருட்டிப் பார்க்கச் சொன்னால், அது உருளாமல் மூன்று பட்டையாகத் தட்டுப்படும், அது கோரை. இன்னொன்று தரையில் வளரும் ஆர்க்கிட். ஈரமான இடமாக இருந்தால், சுண்டுவிரல் உயரத்தில் சிவந்த மயிர்களோடு ட்ரோசீரா என்னும் சிறுசெடி நிற்கும். உருப்பெருக்கியின் அடியில் அதன் ஒவ்வொரு மயிர் நுனியிலும் பசைத்துளி மின்னுவதையும், அதில் ஒரு சிறு பூச்சி கால் சிக்கிக் கிடப்பதையும் பார்த்தவுடன், அதுவரை சலிப்போடு நின்ற பிள்ளைகளும் முழங்காலிட்டுக் குனிந்துவிடுகிறார்கள். செடி ஏன் பூச்சியைப் பிடிக்க வேண்டும் என்ற கேள்வி தானாக வருகிறது. நைட்ரஜன் சத்துக் குறைந்த மண் என்ற விடைக்கு அவர்களே வந்து சேர அரை மணி நேரம் ஆனாலும், அந்த நேரத்தை அவர்களுக்குக் கொடுப்பதே சரி.

அதன் பிறகு வனத்துறையின் அனுமதி பெற்ற இடத்தில் சோலையின் ஓரத்துக்குச் செல்கிறோம். அங்கே வெப்பமானியை வைத்துப் பார்த்தால், சில அடி தூரத்திலேயே நண்பகல் வெயில் மாறிவிடுவது எண்ணில் தெரியும். பாசியும் பெரணியும் மூடிய தண்டுகள், காலடியில் மெத்தென்று இலைமக்கு, அதைக் கிளறினால் ஓடும் மரவட்டை. இப்போது இரண்டு இடங்களின் உயிர்களையும் பக்கம் பக்கமாக எழுதச் செய்யலாம். வரையாடும் நீலகிரி நெட்டைக்காலி என்னும் பறவையும் புல்வெளிக்கு உரியவை. கருமந்திக் குரங்கும் நீலகிரி சிரிப்பான் பறவையும் சோலைக்கு உரியவை. கடமானும் காட்டுமாடும் புல்லில் மேய்ந்து சோலையில் ஒதுங்குகின்றன. இரண்டில் ஓர் இடத்தை அழித்தால் எந்தெந்தப் பெயர்களை அடிக்க வேண்டியிருக்கும் என்று கேட்டால், பல்லுயிர்ப் பெருக்கம் என்ற பாடத்தலைப்பு அவர்கள் கையெழுத்திலேயே விளங்கிவிடும்.

சமவெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு நீரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. மூடியில் துளையிட்ட ஒரு லிட்டர் பாட்டில் நீரைப் புல் மூடிய சரிவிலும், பக்கத்தில் மண் வெளியே தெரியும் நடைபாதைச் சரிவிலும் ஊற்றச் சொல்லுங்கள். பாதையில் செந்நிறக் கலங்கலாக ஓடும் நீர், புல்லில் பெரும்பாலும் உள்ளே இறங்கிவிடும். அப்படி இறங்கிய நீர்தான் சதுப்புகளிலும் சோலை ஓடைகளிலும் மெல்லக் கசிந்து பவானிக்கும் மோயாறுக்கும் போகிறது. இரண்டும் பவானிசாகர் அணையில் சேர்கின்றன. கோபிசெட்டிபாளையத்து நெல்வயலுக்குப் பாயும் வாய்க்கால் நீரில் இந்தப் புல்லுக்குப் பங்கு உண்டு என்று அறியும்போது, அந்த ஊர்ப் பிள்ளைகளின் முகத்தில் தெரியும் மாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) முதலில் விறகுத் தேவைக்காக நடப்பட்டன. நாடு விடுதலை பெற்ற பிறகு, தோல் பதனிடவும் ரேயான் இழை எடுக்கவும் அவை பெரும் பரப்புகளில் பரப்பப்பட்டன. புல்வெளி வீணாகக் கிடக்கிறது என்ற எண்ணமே அதற்கு வழிவிட்டது. எருமை மேய்ச்சலும் கோயில் கூரைக்கான புல்லும் இந்த நிலத்தையே நம்பியிருக்கும் தோடர் மக்களுக்கு, அது ஒருநாளும் வீண் நிலமாக இருந்ததில்லை. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டின் வாழிடம் துண்டு துண்டானதற்கும் இந்த மரங்கள் ஒரு காரணம். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாநிலம் முழுவதும் 1,031 வரையாடுகளும், 2025இல் 1,303 வரையாடுகளும் பதிவாயின. ஒரு மாநிலத்தின் அடையாளமான விலங்கு இவ்வளவுதான் இருக்கிறது என்பது மாணவர்களை அமைதியாக்கிவிடும் செய்தி.

அப்படியானால் சீகையை எல்லாம் வெட்டிவிடலாமா என்று ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்டவர்கள் நிச்சயம் கேட்பார்கள். இங்கே ஆசிரியர் அவசரப்படக் கூடாது. சீகை விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும். வெட்டிய இடத்தில் தீப்பட்டால் காடுபோல் முளைத்தெழும். அதோடு, வயதான சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் பல இடங்களில் தாமாக வளர்ந்துவருகின்றன. முன்பு புல்வெளியாக இருந்த நிலத்தைப் புல்வெளியாகவே மீட்பதா, வளர்ந்துவரும் சோலையை அப்படியே விடுவதா என்பதில் இந்தத் துறையில் உழைப்பவர்களிடையே இன்றும் வெவ்வேறு கருத்துகள் உண்டு. புதிதாகப் பரவும் இடங்களில் கன்றுகளை உடனே பிடுங்க வேண்டும், முதிர்ந்த தோப்புகளில் இடத்துக்கு இடம் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் மாணவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்து வாதிட விட்டால், என் கருத்தைவிடப் பயனுள்ளதை அவர்கள் கற்கிறார்கள்.

மலைக்கு வர வாய்ப்பில்லாத பள்ளிகளுக்கும் இந்தப் பாடம் உண்டு. காங்கயம் பகுதியில் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக இருக்கும் கொரங்காடு என்ற மேய்ச்சல் நிலம், வெளிமான்கள் மேயும் வல்லநாட்டுக் குன்று, சீமைக் கருவேலம் நெருக்கிவரும் கோடியக்கரைப் புல்தரை, ஊர் மேய்ச்சல் புறம்போக்கு, கண்மாய்க் கரை என எதிலும் அந்த ஒரு மீட்டர் சதுரத்தைக் கட்டலாம். கோடையில் ஒருமுறை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருமுறை என அதே இடத்தில் கட்டினால், இரண்டு பட்டியல்களுக்கும் இடையே உள்ள வேறுபாடே அடுத்த வகுப்புக்கான பாடமாகும். பெயர் தெரியாத புல்லை ஆடு மேய்ப்பவரிடம் கேட்டு, அவர் சொல்லும் பெயரையும் எந்தக் கால்நடை அதை விரும்பித் தின்னும் என்பதையும் மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும்.