தனி மென்பொருள் பெருந்திட்டத்தில் சேரும்போது என்ன நடக்கிறது?

காணொளித் தொகுப்புக்குப் பயன்படும் கேடென்லைவ் 2002-இல் தொடங்கப்பட்ட கட்டற்ற மென்பொருள். கணினித் திரைக்கான பணிச்சூழலையும் பல செயலிகளையும் உருவாக்கும் பெரிய கட்டற்ற மென்பொருள் திட்டம் கே.டி.இ. அதன் நிரலகங்களை, அதாவது பல மென்பொருள்கள் பொதுவில் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுதிகளைக் கொண்டே கேடென்லைவ் எழுதப்பட்டது என்றாலும், எப்போது வெளியிடுவது என்பதைத் தானே முடிவு செய்துவந்தது. 0.9.10 வரை வந்திருந்த பதிப்பு எண், 2015 ஏப்ரலில் ஒரேயடியாக 15.04 ஆனது. ஆண்டும் மாதமும் சேர்ந்த அந்த எண், கே.டி.இ. ஒரே நாளில் வெளியிடும் செயலிகளுக்குப் பொதுவானது. கேடென்லைவ் அந்த வரிசைக்குள் வந்துவிட்டது.

இப்படிச் சேரும் மென்பொருளுக்குச் சேவையகம், நிரல் களஞ்சியம், வழுக்களை (மென்பொருள் பிழைகளை) பதியும் தளம் எல்லாம் பொதுவில் கிடைத்துவிடும். ஆனால் மிகப் பெரிய ஆதாயம் மொழிபெயர்ப்புதான் என்பேன். திரையில் தெரியவேண்டிய ஒவ்வொரு சொற்றொடரையும் நிரலாளர் ஒரு சிறு செயற்கூற்றுக்குள் இட்டு எழுதுகிறார். 'ஸ்கிரிப்டி' என்ற தானியங்கி நாள்தோறும் களஞ்சியங்களைத் துழாவி, அந்தச் சொற்றொடர்களைத் திரட்டிக் கோப்புகளில் அடுக்குகிறது. தமிழ் உட்படப் பல மொழிக் குழுக்கள் அவற்றைத் தத்தம் மொழியில் நிரப்புகின்றன. நிரப்பியவை மென்பொருளோடு சேர்ந்து வெளியாகின்றன. மொழிபெயர்ப்பவருக்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஓய்வு நேரத்தில் இரண்டு மூன்று பேர் எழுதும் மென்பொருள், இப்படியோர் ஏற்பாட்டைத் தனியாக எங்கே போய் உருவாக்கும்?

இதற்கு விலையும் உண்டு. வெளியீடு ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என ஆண்டுக்கு மூன்று முறை. அதற்குச் சில வாரங்கள் முன்பே புதிய வசதிகளுக்குத் தடை விழும். திரைச் சொற்களையும் மாற்றக் கூடாது, மாற்றினால் மொழிபெயர்த்தவர்களின் உழைப்பு வீண். பாதியில் நிற்கும் வசதி அடுத்த நான்கு மாதம் காத்திருக்க வேண்டியதுதான்.

இதைவிடக் கடுமையானது நிரலகப் பிணைப்பு. ஓவியம் வரையும் கிரிட்டா, கே.டி.இ.யின் அலுவலகச் செயலித் தொகுப்புக்குள் வளர்ந்தது. பின்னர் அதன் வழிவந்த காலிக்ரா தொகுப்பில் இருந்தது. ஆவணம் எழுதும் செயலியும் விரிதாளும் பயன்படுத்திய அதே நிரலகங்களை அதுவும் பயன்படுத்தியது. தூரிகை பிடிப்பவருக்கும் கணக்குப் போடுபவருக்கும் ஒரே அடித்தளம் எத்தனை நாள் பொருந்தும்? 2016-இல் வந்த 3.0 பதிப்போடு கிரிட்டா காலிக்ராவிலிருந்து பிரிந்தது. ஆனால் கே.டி.இ.யை விட்டுப் போகவில்லை. அதே சேவையகங்கள், அதே மொழிபெயர்ப்பாளர்கள். வெளியீட்டு நாள் மட்டும் கிரிட்டா குழுவின் கையில். சிறிய குழுக்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த ஏற்பாட்டைத்தான்.

கேடென்லைவிலும் எல்லாமே கே.டி.இ.க்குள் போய்விடவில்லை. காட்சிகளை வெட்டி ஒட்டிக் கோக்கும் உண்மையான வேலையைச் செய்வது எம்.எல்.டி. என்ற தனிக் கட்டமைப்பு. அது இன்றும் சுதந்திரமான திட்டம். ஷாட்கட், ஃப்ளோபிளேடு என்ற வேறு காணொளித் தொகுப்புச் செயலிகளும் அதன்மேல்தான் இயங்குகின்றன. ஃப்ளோபிளேடு கே.டி.இ. நிரலகங்களையே தொடாதது. எம்.எல்.டி.யையும் கே.டி.இ.யோடு பிணைத்திருந்தால், தனக்குத் தேவையே இல்லாத நிரலகங்களை ஃப்ளோபிளேடு சுமக்க நேர்ந்திருக்கும், இல்லையென்றால் வேறு அடித்தளம் தேடியிருக்கும்.