அம்பாப் பாட்டும் திறந்த ஆய்வும்: பதிவெடுக்கப் போகும் மாணவர்களுக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் அந்த நாட்களில்தான் கல்லூரிகளுக்கும் கோடை விடுமுறை. பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் மாணவர்கள் செல்போனோடு வருவார்கள். வலை இழுக்கும்போது மீனவர்கள் சேர்ந்து பாடுவதுதான் அம்பாப் பாட்டு. வயதான மீனவர் யாராவது கண்ணில் பட்டால், "தாத்தா, ஒரு அம்பாப் பாட்டு பாடுங்களேன்" என்று கேட்பார்கள். அவரும் மனம் நிறைந்து பாடிக் கொடுப்பார். அன்று சாயங்காலமே அது யூடியூபில் ஏறியிருக்கும். பாடியவர் பேர் மட்டும் இருக்காது. கேட்டால், "நாங்கள் திறந்த ஆய்வு செய்கிறோம், எல்லாருக்கும் இலவசம்" என்பார்கள்.

இசைத் தொழில்நுட்பம் என் துறை. பதிவான ஒலியைக் கணினியில் அலசி, அதன் சுருதி, தாளம், அமைப்பு ஆகியவற்றைக் கண்டறியும் வேலை. இந்தத் துறை இன்று இருக்கும் நிலைக்கு வந்ததே திறந்த ஆய்வால்தான், அதாவது கட்டுரை, தரவு, நிரல் எல்லாவற்றையும் எல்லாரும் எடுத்துப் பார்க்கத் திறந்து வைப்பதால்தான். அதனால், அந்தப் பேரைச் சொல்லி வேறொன்று நடக்கும்போது எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை.

இந்தத் துறையின் முக்கியமான மாநாடு இஸ்மிர். 2000ஆம் ஆண்டிலிருந்து அங்கே வாசிக்கப்பட்ட கட்டுரைகளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். 2022இல் அந்த மாநாடு பெங்களூருக்கே வந்தது. பார்சிலோனாவின் பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டம் கர்நாடக இசையையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. சென்னை ஐஐடியும் அதில் பங்கெடுத்தது. அதிலிருந்து வந்த சரகா என்ற தொகுப்பில் கச்சேரிப் பதிவுகளும், அவற்றின் சுருதி, தாளக் குறிப்புகளும் ஆய்வாளர்களுக்குத் திறந்தே இருக்கின்றன. லிப்ரோசா, சோனிக் விஷுவலைசர், ஆடாசிட்டி மூன்றும் இலவச மென்பொருள்கள். ராமநாதபுரத்தில் படிக்கும் ஒரு மாணவி பழைய மடிக்கணினியில் இவற்றை வைத்துக்கொண்டு, லண்டன் ஆய்வகத்தில் செய்யும் அதே அலசலைச் செய்துவிடலாம். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தால் அரசுக் கல்லூரிகளுக்குச் சந்தா இதழ்களும் கிடைக்கத் தொடங்கியிருக்கின்றன. சுயநிதிக் கல்லூரியில் படிப்பவருக்கு இன்னும் திறந்த கட்டுரைகள்தான் துணை.

சரி, கருவி இருக்கிறது, கட்டுரை இருக்கிறது. அம்பாப் பாட்டை எடுத்துக் கணினியில் போட்டால் என்ன ஆகும்?

லிப்ரோசாவில் தாளத் தட்டுகளைக் கண்டுபிடிக்கும் ஒரு நிரல் உண்டு. நாம் எதுவும் மாற்றாவிட்டால், நிமிடத்துக்கு 120 தட்டு என்ற யூகத்தோடு அது வேலையைத் தொடங்கும். பாட்டு முழுக்க வேகம் ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும் என்றும் எடுத்துக்கொள்ளும். ஸ்டூடியோவில் பதிவான சினிமாப் பாட்டுக்கு அது சரிப்பட்டு வரும். கரையில் நின்றபடி கயிறு பிடித்துக் கரைவலை இழுக்கும்போது பாடுகிற பாட்டுக்கு வராது. அங்கே தாளத்தைக் கயிறுதான் போடுகிறது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்கிப் பாடும் அந்த நேரத்தில்தான் அத்தனை பேரும் ஒன்றாகக் கயிற்றை இழுக்கிறார்கள். வலை கனத்தால் பாட்டும் கனக்கும்.

மண்டபம் பக்கம் தென்கடல் (மன்னார் வளைகுடா) கரையில் எடுத்த ஒரு பதிவில், வேகத்தைக் காட்டும் கோடு ஓரிடத்தில் சடாரென்று ஏறியது. இன்னோரிடத்தில் பாட்டே நின்று, வெறும் அலைச்சத்தம்தான். இப்படிப்பட்ட இடங்களைப் பிழை என்று வெட்டித் தள்ளிவிட்டு மேலே போவது எங்கள் துறையில் சாதாரணமாக நடக்கிறது. நான் மடிக்கணினியைக் கொண்டுபோய், பாடிய தாத்தாவின் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்கச் சொன்னேன். கோடு ஏறிய இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "இந்தா, இங்கன மடி (மீன் சேரும் வலைப்பை) கரைக்கிட்ட வந்துருச்சு தாயி. இனி நிதானமா இழுத்தா மீனு தாண்டிப் போயிரும். அதான் பாட்ட ஓட்டுறோம்." பாட்டு நின்ற இடத்தைப் பற்றிக் கேட்டதும், "கல்லுல வலை மாட்டிக்கிச்சு. ஒருத்தன் முங்கி எடுத்துவிட்டான்ல" என்றார். அவர் சொன்னதையெல்லாம் நேரம் போட்டு ஒரு குறிப்புக் கோப்பாக எழுதி வைத்தேன். அந்தப் பதிவுக்கு மதிப்பே அந்தக் குறிப்பால்தான். எந்த மென்பொருளும் அதைத் தந்திருக்காது. பாடியவரிடம் பதிவைத் திரும்பக் கொண்டுபோகாத எந்த ஆய்வாளருக்கும் அது கிடைத்திருக்காது.

அதே பாட்டைத் திண்ணையில் உட்கார்ந்து பாடச் சொன்னால் வேகம் சீராக வரும், மூச்சும் வேறு மாதிரி இருக்கும். இரண்டையும் 'அம்பாப் பாட்டு' என்று ஒரே பேரில் ஏற்றி வைத்தால், பின்னால் அதை எடுத்து ஆராய்கிறவர் தவறான முடிவுக்குத்தான் போவார். உட்கார்ந்து பாடியதா, இழுத்துக்கொண்டு பாடியதா, வடகடலா (பாக் நீரிணைப் பக்கம்) தென்கடலா, என்ன மாதம், என்ன காற்று, எந்தக் கருவி என்று ஒவ்வொரு பதிவோடும் நாலு வரி எழுதி வையுங்கள். கூடவே, நிரலில் எந்த எண்ணை எதற்கு மாற்றினீர்கள் என்பதும் இருக்க வேண்டும். அது இல்லாமல் 'துல்லியம் இத்தனை சதவீதம்' என்று கட்டுரையில் போட்டால் யாராலும் சரிபார்க்க முடியாது.

இனி சட்டம். இதைக் கல்லூரிகளில் யாரும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை. அம்பாப் பாட்டை எழுதியவர் யாரென்று தெரியாது என்பதால் அது பொதுச்சொத்து, என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பாட்டு பொதுவாக இருக்கலாம். அதைப் பாடிய குரல் அப்படி இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, பாடுகிறவருக்கு நிகழ்த்துநர் உரிமை தருகிறது. அது 50 ஆண்டு நீடிக்கும். 2012இல் வந்த திருத்தம், பாடியது இன்னார் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையையும் சேர்த்தது. ஆய்வுக்காக மட்டும், கற்பித்தலுக்காக மட்டும் பதிவெடுப்பதற்கு 39ஆம் பிரிவில் விலக்கு உண்டு. 'மட்டும்' என்பதைக் கவனியுங்கள். பதிவெடுத்துக் கணினியில் அலசுவது வரை அந்த விலக்கு உங்களைக் காக்கும். ஊருக்கெல்லாம் கேட்க ஏற்றும்போது பாடியவரின் சம்மதம் வேண்டும்.

சம்மதம் என்பது ஒரு தாளில் கைநாட்டு வாங்கிக்கொள்வதோடு முடிகிற காரியமும் இல்லை. பதிவெடுக்கலாமா, பேர் போடலாமா, மாணவர்கள் கேட்கலாமா, உலகமே கேட்கலாமா, இதை வைத்து யாராவது காசு பார்த்தால் பரவாயில்லையா என்று ஒவ்வொன்றாக, தமிழில், பொறுமையாகக் கேளுங்கள். பாடி முடித்து, பதிவைப் போட்டுக் காட்டிய பிறகு இன்னொரு தடவை கேளுங்கள். பெரும்பாலான அம்பாப் பாட்டுக்காரர்கள், "பேர நல்லாப் பெருசாப் போடு" என்பார்கள். ஒப்பாரி பாடிக் காட்டிய ஒரு அம்மா வேறு மாதிரி சொன்னார். அதில் இறந்துபோன அவர் மகனின் பேர் வருகிறது. "நீ படிக்கிறதுக்கு வச்சுக்க, வெளிய விடாத தாயி" என்றார். அது என்னிடம்தான் இருக்கிறது. அப்படியே இருக்கும்.

இவ்வளவு தயங்குவதற்குக் காரணம் உண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஒன்றை வெளியிட்டுவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது. உங்கள் பக்கத்திலிருந்து கோப்பை நீக்கலாம். ஏற்கெனவே எடுத்துக்கொண்டவர் அந்த உரிமத்தின்படி பயன்படுத்திக்கொண்டே இருக்கலாம். 2023இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட வால்-ஈ ஆய்வில், 3 நொடிக் குரல் மாதிரியை வைத்தே அந்தக் குரலில் வேறு பேச்சை உருவாக்கிக் காட்டினார்கள். தாத்தாவின் குரல் முழுப் பாட்டாக, தெளிவாக, பேரோடு இணையத்தில் கிடக்கும்போது இதையும் அவரிடம் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் புரியுமா என்று சிலர் கேட்கிறார்கள். கடலுக்குப் போகிறவருக்கு ஆபத்தைப் பற்றிச் சொன்னால் நன்றாகவே புரியும்.

அப்படியானால் எதையும் திறக்கவே கூடாதா? அப்படிச் சொல்ல வரவில்லை. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் 2013இல் தொடங்கிய ஜெனோடோ என்ற களஞ்சியத்தில் ஆய்வுத் தரவைச் சேர்த்து வைக்கலாம், கட்டணம் கிடையாது. இப்படி ஒரு தரவு இருக்கிறது, யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்ற விவரம் எல்லாருக்கும் தெரியும். ஒலிக்கோப்பை மட்டும் கட்டுப்படுத்தி வைத்து, அனுமதி கேட்டு வருபவர்களுக்கு மட்டும் தரலாம். அங்கே சேர்க்கும் தரவுக்கு நிலையான ஒரு எண்ணும் தேதியும் கிடைக்கும். 'நம் தரவை வேறு யாராவது திருடிக் கட்டுரை போட்டுவிடுவார்கள்' என்று பயப்படும் நெறியாளர்களுக்கு அந்தத் தேதியைக் காட்டுங்கள். நிரல், வேகக்கோடு, குறிப்புக் கோப்பு எல்லாம் முழுசாகத் திறந்திருக்கட்டும். குரல், பாடியவர் சொன்ன அளவுக்குத் திறக்கட்டும். அலைச்சத்தம், இன்ஜின் சத்தம் போன்றவற்றுக்கு, ஒலிப்பதிவுகளை எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் ஃப்ரீசவுண்ட் தளம் இருக்கிறது. விவரக் குறிப்பைத் தமிழிலும் எழுதுங்கள், பாடியவரின் பேத்தி தேடினால் கிடைக்க வேண்டும்.

பதிவின் தரம் பற்றிச் சுருக்கமாக: வேவ் கோப்பாக எடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். மைக்குக்குப் பஞ்சு உறை கட்டாயம். இங்கே அடிக்கும் காற்றில் உறையில்லாமல் எடுத்த பதிவைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. வாட்ஸாப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் ஒலி சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

பல்கலைக்கழகங்கள் மாற வேண்டிய இடமும் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் கட்டுரைக்கு இடம் உண்டு, தரவுத்தொகுப்புக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. கரையில் மாதக்கணக்கில் உழைத்துத் தொகுப்பை உருவாக்கிய மாணவருக்கு அங்கே மதிப்பெண் இல்லை. காசு கட்டி ஏதோ ஒரு இதழில் மூன்று பக்கம் போட்டவருக்கு உண்டு. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 விதிகளிலேயே எடுத்துவிட்டது. நல்ல இதழ்கள் என்று வைத்திருந்த யுஜிசி கேர் பட்டியலையும் 2025இல் கைவிட்டது. அதனால் இதழின் தரத்தைப் பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பு இப்போது நம் கையில். அனுப்பிய இரண்டாம் நாளே 'ஏற்கப்பட்டது, பணம் அனுப்பவும்' என்று பதில் வந்தால் விலகிவிடுங்கள். நெறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: துறைக்குழுவில் உங்களுக்குக் குரல் இருக்கிறது. நன்றாகக் குறிப்பெழுதிய ஒரு தரவுத்தொகுப்பு, ஆய்வேட்டின் ஒரு இயலுக்குச் சமம் என்று அங்கே எழுதி வாங்குங்கள்.

பதிவுகளைப் பென் டிரைவில் போட்டுப் பாடியவர் வீட்டில் கொடுங்கள். அவர் சம்மதித்தால், பாம்பனிலிருந்து மீனவர்களுக்காகவே ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியை அணுகலாம்.

வருகிற கோடையில் இறங்க நினைப்பவர்கள் பொங்கல் கழிந்ததும் மீனவர் சங்கத் தலைவர்களையும், படகுக்கும் வலைக்கும் சொந்தக்காரர்களான சம்மாட்டிகளையும் போய்ப் பாருங்கள். தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் பேச ஓய்வாகக் கிடைப்பார்கள். கரைவலைக்காரர்களுக்குத் தடை கிடையாது, அவர்கள் வேலையில்தான் இருப்பார்கள். வலை ஏறி, மீன் பிரித்து, பங்கு கொடுத்து முடிந்த பிறகு பேச்சைத் தொடங்குங்கள்.