விளம்பர பில்லில் யார் பேர் இருக்கு? 'கூகுள் வரி' வந்ததும் போனதும்

விளக்குத்தூண் பக்கம் சுங்குடிக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்குப் பல வருடமாக நான்தான் கணக்கு எழுதுகிறேன். 2017-18 கணக்கை முடிக்க உட்கார்ந்தபோது, கடைப் பையன் ஒரு கட்டு பில்லைக் கொண்டுவந்து வைத்தான். சித்திரைத் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் சமூக வலைத்தளத்தில் போட்ட விளம்பரச் செலவு, மொத்தம் 1,40,000 ரூபாய். பில்லின் மேல் மூலையில் அயர்லாந்து முகவரி. "சேலை சின்னாளபட்டியில சாயம் போட்டு வருது, விக்கிறது மதுரையில. நடுவுல அயர்லாந்து எங்கேயிருந்துப்பா வந்துச்சு?" என்றார் அண்ணாச்சி.

இதே கேள்வியைத்தான் பல நாட்டு அரசுகளும் அப்போது கேட்டுக்கொண்டிருந்தன.

ஒரு ஜிகர்தண்டா கடை வருடம் 10 லட்சம் லாபம் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையின் பெயர் மட்டும் வரியே இல்லாத ஊரில் இருக்கும் மச்சானின் கம்பெனிக்குச் சொந்தம். பெயரைப் பயன்படுத்த வருடம் ஒன்பதரை லட்சம் கட்டணம் என்று எழுதிவிட்டால், மதுரையில் லாபம் வெறும் 50,000. காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். 'மச்சானாக இல்லாமல் வேற்று ஆளாக இருந்தால் இவ்வளவு கொடுத்திருப்பாயா?' என்பதுதான் வரி அதிகாரியின் கேள்வி. பரிமாற்ற விலை விசாரணை என்று செய்திகளில் வருவது பெரும்பாலும் இதுதான். சட்டத்தை மீறி வருமானத்தை மறைப்பது வரி ஏய்ப்பு. சட்டத்தின் சந்துபொந்து வழியாக வரியைக் குறைப்பது வரித் தவிர்ப்பு. பத்திரிகைகள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகின்றன.

இதில் பெரிய வழக்கு ஆப்பிளுடையது. ஐரோப்பாவில் விற்ற லாபத்தின் பெரும்பகுதியை, ஊழியரோ கட்டடமோ இல்லாத ஒரு 'தலைமை அலுவலக'த்தின் பேரில் எழுத அயர்லாந்து அனுமதித்தது என்று ஐரோப்பிய ஆணையம் 2016 ஆகஸ்டில் சொன்னது. ஆணையத்தின் கணக்கில், 2014-இல் அந்த லாபத்துக்கு விழுந்த வரி 0.005 சதவீதம். அதாவது 10 லட்சம் யூரோவுக்கு 50 யூரோ! 1,300 கோடி யூரோவை வசூலிக்கச் சொன்னபோது, 'எங்களுக்கு அந்தப் பணம் வேண்டாம்' என்று அயர்லாந்தே மேல்முறையீட்டுக்குப் போனது தனி வேடிக்கை. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பிரான்சில் கூகுள் 2019-இல் அபராதமும் வரியுமாக ஏறக்குறைய 100 கோடி யூரோ கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

நம் பக்கமும் ஒன்று நடந்தது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மென்பொருளுக்காக ஃபின்லாந்து தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று 2013-இல் வருமான வரித்துறை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. சொத்து முடக்கப்பட்டதால், கைப்பேசித் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட் கைக்கு ஆலை போகவில்லை. ஆர்டர் நின்று, 2014 நவம்பரில் ஆலையும் நின்றது. இரு அரசுகளும் பேசி விவகாரத்தைத் தீர்த்தபோது 2018 ஆகிவிட்டது. வேலை போனவர்களுக்கு அதனால் என்ன?

விசாரணை, வழக்கு என்று போனால் இப்படி ஆண்டுக்கணக்கில் இழுக்கும். எனவே இந்திய அரசு 2016 ஜூன் 1 முதல் குறுக்கு வழி ஒன்றைப் பிடித்தது. அதன் பெயர் சமன்படுத்தும் தீர்வை (Equalisation Levy). ஊர் வழக்கில் 'கூகுள் வரி'. இந்தியாவில் நிரந்தர அலுவலகம் இல்லாத வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு, ஆன்லைன் விளம்பரத்துக்காக ஒரு நிதியாண்டில் 1 லட்சத்துக்கு மேல் கொடுத்தால், 6 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்டவேண்டும்.

வரி அந்த நிறுவனத்தின் மேல். பிடிக்கும் பொறுப்பு நம்ம அண்ணாச்சியின் மேல். ஆனால் கார்டில் தானாகப் பணம் போகிற இடத்தில் எதைப் பிடிப்பது? பிடிக்காவிட்டாலும் நீதான் கட்டவேண்டும் என்றது சட்டம். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. பிடிக்கத் தவறினால் அதே அளவு அபராதமும் வரலாம். கடைசியில் 8,400 ரூபாயையும் வட்டியையும் அண்ணாச்சி சொந்தக் கையிலிருந்து கட்டினார். பெரிய மீனுக்குப் போட்ட வலையில் அயிரை சிக்கியது என்றுதான் சொல்வேன்.

2020 ஏப்ரலில் வெளிநாட்டு இணைய வணிக நிறுவனங்கள் மீது 2 சதவீதம் தனியாக வந்தது. அமெரிக்கா முறைத்துக்கொண்டது. அந்த 2 சதவீதம் 2024 ஆகஸ்ட் 1 முதலும், விளம்பரத்துக்கான 6 சதவீதம் 2025 ஏப்ரல் 1 முதலும் நீக்கப்பட்டன.

சரி, இப்போது கடைக்காரர் பார்க்கவேண்டியது பில்லில் யார் பேர் இருக்கிறது என்பதை. இந்தியக் கம்பெனியின் பேரும் அதன் ஜி.எஸ்.டி. எண்ணும் இருந்தால் 18 சதவீத ஜி.எஸ்.டி. பில்லிலேயே சேர்ந்திருக்கும். உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணை விளம்பரக் கணக்கில் பதிந்து வைத்திருந்தால்தான் அதை உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்டவேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொண்டு, திரும்ப எடுக்கலாம். இதைப் பதியாமல் விடுகிற கடைகளே அதிகம். தனிநபர் வியாபாரியாக இருந்து, முந்தைய ஆண்டு விற்றுமுதல் 1 கோடியைத் தாண்டியிருந்தால் டி.டி.எஸ். (பணம் கொடுக்கும்போதே அதில் வருமான வரியைக் கழித்து அரசுக்குக் கட்டுவது) பிடிக்கும் கடமையும் வரும்.

வெளிநாட்டுப் பேர் இருந்தால் கதை வேறு. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் அந்த 18 சதவீதத்தைத் தலைகீழ் வரியாகத் தானே கட்டி, பிறகு உள்ளீட்டு வரியாக எடுக்கவேண்டும். பதிவு இல்லாத சின்னக் கடையென்றால் அதைக் கட்டவேண்டியது வெளிநாட்டு நிறுவனமே. இன்னொன்று: 6 சதவீதம் விழுந்த வருமானத்துக்கு முன்பு வருமான வரி விலக்கு இருந்தது. தீர்வை போனதோடு அந்த விலக்கும் போனது. ஆகவே பெரிய தொகை அனுப்புமுன், அந்த நாட்டோடு உள்ள வரி ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

2025 மார்ச் வரை கொடுத்த பணத்துக்குப் பழைய சட்டமே. கட்டாமல் விட்டிருந்தால் 'அதான் ரத்தாயிருச்சே' என்று சொல்லித் தப்ப முடியாது. அண்ணாச்சியின் 8,400 ரூபாய் சலான் இன்னும் என் பீரோவில், அந்த அயர்லாந்து பில்லோடு சேர்த்துப் பின் அடித்தபடி இருக்கிறது.