ஆல்கலைன் தண்ணீரை நம்பி இன்சுலினை நிறுத்தாதீர்கள்

மறுபடியும் ஒரு பிள்ளை. கல்லூரி மாணவி, டைப் 1 சர்க்கரை நோய், அதாவது உடம்பு இன்சுலினைச் சுரக்க முடியாத வகை. உடம்பைக் காரமாக, அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மைக்கு, மாற்றினால் சர்க்கரை தானாகப் போய்விடும் என்று யாரோ சொல்ல, காரத்தன்மை ஏற்றிய ஆல்கலைன் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இன்சுலினை நிறுத்தியிருக்கிறாள். வந்தபோது ரத்தத்தின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 7-க்கும் கீழே; எண் குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று அர்த்தம். ஐசியுவில் வைத்துப் பார்த்தோம், பிழைத்துக்கொண்டாள். இப்படி வருகிற எல்லோரும் பிழைப்பதில்லை.

ஆரோக்கியமான உடம்பில், நீங்கள் எதைச் சாப்பிட்டாலும் ரத்தத்தின் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில்தான் நிற்கும். ரத்தத்தில் இருக்கிற பைகார்பனேட் என்ற காரப் பொருள், நுரையீரல், சிறுநீரகம் மூன்றும் அதைப் பார்த்துக்கொள்கின்றன.

பிஎச் 9 உள்ள தண்ணீர் முதலில் போய்ச் சேருவது இரைப்பையில். அங்கே இருப்பது பிஎச் 2-ஐ ஒட்டிய அமிலம்; தண்ணீரின் காரம் அதிலேயே முடிந்துவிடும். அப்புறம் அந்தச் சோதனைப் பட்டை! சிறுநீரில் நனைத்து, நிறம் மாறியதைக் காட்டி, "பாருங்க டாக்டர், உடம்பு காரமாயிடுச்சு" என்கிறார்கள். நீங்கள் சோதித்தது சிறுநீரை, ரத்தத்தை அல்ல. சிறுநீரின் பிஎச் 4.5-லிருந்து 8 வரை ஏறி இறங்கும், இறங்கத்தான் வேண்டும், ஏனென்றால் ரத்தம் மாறாமல் இருப்பதற்காகவே மிஞ்சிய அமிலத்தையும் காரத்தையும் சிறுநீரகம் அந்த வழியாக வெளியேற்றுகிறது. சிறுநீர் அமிலமாக இருந்தால் பெரும்பாலும் சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். இந்தக் கார வைத்தியத்தைப் பரப்பிய அமெரிக்கர் ராபர்ட் யங், உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்த குற்றவாளி என்று 2016-ல் கலிஃபோர்னியாவில் தீர்ப்பானது. அவர் கருத்துதான் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

இன்சுலின் இல்லாவிட்டால் கல்லீரல் கீட்டோன் அமிலங்களைத் தயாரித்துக்கொண்டே போகும். அதை நிறுத்த இன்சுலின் வேண்டும், எந்தத் தண்ணீராலும் முடியாது. வாந்தி, வயிற்றுவலி, வாயில் பழவாடை, ஆழமாக வேகவேகமாக வாங்கும் மூச்சு, இதெல்லாம் அந்த அமிலம் ரத்தத்தில் சேர்வதன் அறிகுறிகள். இளம் மருத்துவர்களே, இப்படி மூச்சு வாங்கும் பிள்ளைக்கு வீசிங் என்று நெபுலைசர் வைப்பதற்கு முன் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள்.

உடம்பைக் காரமாக்குவதாக நினைத்து ஆப்ப சோடாவைத் தினமும் கரைத்துக் குடிப்பவர்கள் இன்றே நிறுத்துங்கள். அதில் இருக்கிற சோடியம் ரத்தக்கொதிப்பு, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து.

டைப் 1 பிள்ளைகளைப் பெற்றவர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். காய்ச்சலில் சாப்பிட முடியாமல் படுத்திருந்தாலும் இன்சுலினை அடியோடு நிறுத்தாதீர்கள். அளவு எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். வாந்தி நிற்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்துவிடுங்கள்.