பேர்ட்விங்: பறவைச் சிறகழகி

கானாடுகாத்தானில் ஒரு வீட்டுப் பட்டாலை என்ற கூடத்தின் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தப் பட்டாம்பூச்சியைச் சின்ன வயதில் பார்த்தேன். கறுப்புச் சிறகில் வரிசையாகப் பச்சை முக்கோணங்கள், கழுத்தில் சிவப்புப் பட்டை. கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, மலாயா போன ஐயா வாங்கி வந்ததாம். ‘ராஜா புரூக் பேர்ட்விங்’ என்ற பெயர் பின்னால்தான் தெரிந்தது. போர்னியோ தீவின் சரவாக்கை ஆண்ட ஜேம்ஸ் புரூக்கின் பெயரால் 1855-ல் இயற்கையியலாளர் வாலஸ் இட்ட பெயர்.

பேர்ட் பறவை, விங் சிறகு. இந்தப் பட்டாம்பூச்சிகளில் ஒரு பேரினத்துக்கு ‘ஆர்னித்தாப்டெரா’ என்று பெயர். கிரேக்கத்தில் அதற்கும் இதே பொருள்தான். நீண்ட முன்சிறகும் மிதந்து பறக்கும் விதமும் தூரத்தில் பறவை என்றே நினைக்க வைக்கும். உலகிலேயே பெரிய பட்டாம்பூச்சியான பாப்புவா நியூ கினியின் அலெக்சாண்ட்ரா பேர்ட்விங்கில் பெண் 25 செ.மீ. அகலம் விரியும். 1906-ல் அதை முதலில் பிடித்த பூச்சி சேகரிப்பாளர் மீக், துப்பாக்கியால் சுட்டுத்தான் வீழ்த்தினார்.

சரி, தமிழில்? ‘பறவை இறகு’ என்பது பொருந்தாது. இறகு என்றால் தூவி; பட்டாம்பூச்சிக்கு இருப்பது செதில். சிறகுதான் சரி. பேர்ட்விங்குகள் அடங்கிய பட்டாம்பூச்சிக் குடும்பத்தை நம் ஆர்வலர்கள் ‘அழகிகள்’ என்கிறார்கள். அதனால் ‘பறவைச் சிறகழகி’ என்பேன். சுருக்கமாகச் சிறகழகி. அழகி என்ற சொல் உறவையும் காட்டிவிடுகிறது.

அந்த உறவு செட்டிநாட்டுச் செம்மண்ணிலேயே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் தென்னிந்தியச் சிறகழகி (சதர்ன் பேர்ட்விங்) இந்த வறண்ட பக்கம் வராது. ஆனால் அதன் புழு தின்னும் ஈசுவரமூலியின் இனத்தைச் சேர்ந்ததுதான் நம் ஆடுதீண்டாப்பாளை. ஆடு வாய் வைக்காத அந்தக் கசப்புக் கொடியைத் தின்று வளர்வது சிறகழகியின் உறவான சிவப்புடல் அழகி என்ற பட்டாம்பூச்சி. கொடியின் நஞ்சு பூச்சியின் உடலில் தங்குவதால் பறவைகளும் தொடத் தயங்கும்.

அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் அலெக்சாண்ட்ரா இருக்கிறது. அதன் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை. மற்றச் சிறகழகிகளை அனுமதி இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. ஆனால் சட்டம் பூச்சியைத்தான் காக்கும், அது தின்னும் கொடியை அல்ல. பாப்புவாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்காகக் காடு போனபோது கொடியும் சேர்ந்தே போனது. இங்கே மனை போடும்போது, கண்மாய்க்கரையைச் சுத்தம் செய்யும்போது, ஆடுதீண்டாப்பாளையைக் களை என்று முதலில் பிடுங்குகிறோம். காரைக்குடிப் பக்கம் யாராவது அதைப் பார்த்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள். முட்டை இருக்கலாம்.