குடிக்கத் தோன்றுவதே தோல்வி இல்லை

போன வாரமும் ஒருவர். சிகிச்சை முடிந்து நன்றாக இருந்தவர், காலையும் மாலையும் தவறாமல் தியானத்தில் உட்கார்ந்தவர். "இவ்வளவு பண்ணியும் குடிக்கணும்னு தோணிடுச்சு டாக்டர், இனிமே நான் தேற மாட்டேன்னு நெனச்சுட்டேன், அப்புறம் எதுக்குக் கட்டுப்பாடுன்னு குடிச்சிட்டேன்" என்றார்.

தயவுசெய்து கேளுங்கள். இந்தத் தியானப் பயிற்சி ஆசை வராமல் தடுப்பதற்கு இல்லை. ஆசை வரும், குடியை விட்டுப் பல மாதம் கழித்தும் வரும், பழைய நண்பரைப் பார்த்தால் வரும், சம்பள நாளில் வரும், வீட்டில் சண்டை வந்தால் வரும். "மனசை அடக்கு" என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்கிறீர்களே, அடக்கப் பார்த்தால் இருபத்துநாலு மணி நேரமும் அதே நினைப்புதான் ஓடும். அமெரிக்காவில் உளவியலாளர் ஆலன் மார்லட் குழுவினர் உருவாக்கிய 8 வார மனக்கவனப் பயிற்சி இதற்கு நேர் எதிரானதைச் சொல்லித் தருகிறது: தொண்டை வறள்கிறதா, நெஞ்சு இறுகுகிறதா, பல் கடிபடுகிறதா என்று உடம்பில் அதைத் தேடிப் பார், மூச்சைக் கவனி, அலை போல ஏறி இறங்கும் வரை கூடவே இரு. எழுந்து கடைக்குப் போகாதே, அவ்வளவுதான்.

2014இல் வெளியான ஆய்வில், முதற்கட்டச் சிகிச்சையை முடித்த 286 பேரில் இந்தப் பயிற்சி பெற்றவர்கள், ஓராண்டு முடிவில் மற்ற முறைகளில் இருந்தவர்களைவிடக் குறைவான நாட்களே போதையை நாடினார்கள். சிகிச்சை முடித்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். தினமும் குடிப்பவர் மூச்சுப் பயிற்சியை நம்பித் திடீரென நிறுத்திவிட்டு, கை நடுங்கி, வியர்த்து, வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு வருகிறார்களே, அதைப் பார்க்கத்தான் ஆற்றாமையாக இருக்கிறது. அது உயிருக்கே ஆபத்து, உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கண்ணை மூடினால் பழைய கொடுமைகள் கண்முன் வந்து பதறுகிறவர்கள், கண்ணைத் திறந்தே செய்யலாம், நடந்துகொண்டும் செய்யலாம், பயிற்சி தருபவரிடம் சொல்லிவிடுங்கள். ஹெராயின் போன்றவற்றை விட்டவர்களுக்கு இன்னொன்று: இடைவெளிக்குப் பிறகு உடம்பு பழைய அளவைத் தாங்காது, அதே அளவை எடுத்தால் மூச்சே நின்றுவிடலாம்.

ஒருமுறை சறுக்கிவிட்டதா? சரி, அன்றைக்கே வாருங்கள், அடுத்த சந்திப்பு வரை மறைத்து வைக்காதீர்கள். வீட்டுக்காரர்களே, அவர் "இன்னைக்கு ஆசையா இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னால் திட்டாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள்.