ஃபார்மலினில் வந்த கொடுவாக் குஞ்சுகள்

சிதம்பரம் பக்கத்திலிருந்து ஒரு பண்ணைக்காரர் ஊறுகாய் பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றி எங்கள் மீன் நோய் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். உள்ளே ஐம்பது அறுபது கொடுவா மீன் குஞ்சுகள். "மேடம், இருபது நாள் குஞ்சு. நேத்து வரைக்கும் நல்லா தீனி எடுத்துச்சு. இன்னிக்குக் காலையில பார்த்தா பம்பரம் மாதிரி சுத்துது, வயித்தை மேல காட்டிக்கிட்டு மிதக்குது. கெட்டுப்போயிடக் கூடாதுன்னு ஃபார்மலின்ல போட்டுட்டேன்" என்றார்.

அவர் சொன்ன அறிகுறிகளைக் கேட்டதுமே வைரஸ் நரம்பு அழிவு நோயாக இருக்கும் என்று தோன்றியது. நோடா வகை வைரஸால் வருவது. மூளையையும் கண்ணின் விழித்திரையையும் தாக்கும். ஃபார்மலினில் ஊறிய தலையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால், மூளைத் திசுவில் சல்லடை போல ஓட்டைகள் தெரியும். அவர் கொண்டுவந்த குஞ்சுகளிலும் தெரிந்தது. ஆனால் அதற்கு மேல் ஒரு அடி நகர முடியவில்லை. திசுவைக் கெடாமல் காப்பாற்றிய அதே ஃபார்மலின் வைரஸைக் கொன்றுவிட்டது. எனக்கு வேண்டியிருந்தது உயிருள்ள வைரஸ்.

"செத்த வைரஸாக இருந்தால் என்ன, பிசிஆர் போட்டுப் பார்க்கலாமே?" என்று படித்த இளைஞர்கள் இப்போது கேட்கிறார்கள். நல்ல கேள்வி. பிசிஆர் வேகமானது, நாங்களும் தினமும் செய்கிறோம். ஆனால் அது வைரஸின் மரபணுவில் ஒரு துண்டு இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். அந்த வைரஸ் உயிரோடு இருக்கிறதா, இன்னொரு மீனுக்கு நோயைக் கொடுக்குமா என்று சொல்லாது. இன்னொன்று, எந்தத் துண்டைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் பிசிஆர் போட முடியும். புதிதாக ஒரு வைரஸ் வந்தால் என்ன செய்வது?

இஸ்ரேலில் அதுதான் நடந்தது. 2009 முதல் அங்கே திலேப்பியா மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன, காரணம் பிடிபடவில்லை. நோயுற்ற மீனின் திசுச் சாற்றை ஆய்வகத்தில் வளர்த்த மீன் செல்களில் (செல் லைன் என்போம்) விட்டு, அந்தச் செல்கள் அழிவதைப் பார்த்துத்தான் வைரஸைப் பிடித்தார்கள். 2014-இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்புதான் திலேப்பியா ஏரி வைரஸ். அதன் மரபணு பத்துத் துண்டுகளாக இருக்கிறது. அதில் ஒரே ஒரு துண்டு மட்டும் இன்ஃபுளூயன்சா சி வைரஸை லேசாக ஒத்திருந்தது. மற்றவை அதுவரை தெரிந்த எதனோடும் ஒத்துப்போகவில்லை. 2018-இல் அதே வைரஸ் மேற்கு வங்கத்திலும் கேரளத்திலும் இருப்பது பதிவானது.

சரி, செல் லைன் என்றால் என்ன? பாக்டீரியாவை வளர்க்க அகார் தட்டு போதும். வைரஸ் அப்படி வளராது, உயிருள்ள செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும். அதனால் ஆரோக்கியமான மீனின் சிறுநீரகத்திலிருந்தோ மண்ணீரலிலிருந்தோ துடுப்பிலிருந்தோ சிறு துணுக்கை எடுத்து, பொடியாக நறுக்கி, சத்துத் திரவத்தில் இடுகிறோம். செல்கள் ஃபிளாஸ்க்கின் அடியில் ஒட்டிப் பரவும். இடம் நிறைந்ததும் டிரிப்சின் என்ற நொதியை விட்டுப் பெயர்த்து அடுத்த ஃபிளாஸ்க்குக்கு மாற்றுவோம். பெரும்பாலானவை சில மாற்றல்களோடு நின்றுவிடும். சில மட்டும் நிற்காமல் பெருகிக்கொண்டே போகும். அதுதான் செல் லைன். மனித செல்களைப் போல 37 டிகிரி வேண்டியதில்லை. நம் ஊர் மீனுக்கு 28 டிகிரி போதும். எல்-15 என்ற திரவத்தில் வளர்த்தால் கார்பன் டை ஆக்சைடும் தேவையில்லை.

முதல் நிரந்தர மீன் செல் லைன் 1962-இல் அமெரிக்காவில் வானவில் டிரவுட் மீனிலிருந்து வந்தது. நம் நாட்டின் முதல் கடல் மீன் செல் லைன் எங்கே உருவானது தெரியுமா? மேல்விஷாரத்தில், சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியில். பேராசிரியர் சாகுல் ஹமீதின் குழு கொடுவாவின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கி 2006-இல் வெளியிட்டது. எஸ்ஐஎஸ்கே என்று பெயர். கடலே இல்லாத ஊரில் இது நடந்ததை மாணவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். நம் நாட்டு மீன் செல் லைன்களைச் சேமித்து வைக்க லக்னோவில் தேசியக் களஞ்சியமே இருக்கிறது.

நோடா வைரஸை முதன்முதலில் ஆய்வகத்தில் வளர்த்தது 1996-இல். ஐரோப்பியக் கடல் மீனிலிருந்து எடுத்த வைரஸ், வளர்ந்தது நம் விரால் மீனின் செல்லில்! எஸ்எஸ்என்-1 என்ற அந்த செல் லைனும் அதிலிருந்து பிரித்த இ-11-உம் இன்றும் உலகமெங்கும் இந்த வைரஸுக்குப் பயன்படுகின்றன.

செல் லைனிலும் ஏமாற வாய்ப்பு உண்டு. இபிசி என்ற புகழ்பெற்ற செல் லைனைக் கெண்டையினுடையது என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தார்கள். 2010-இல் மரபணுவைச் சோதித்தபோது அது ஃபேட்ஹெட் மின்னோ என்ற வேறு மீனின் செல் என்று தெரிந்தது. அதனால்தான் எங்களிடம் உள்ள ஒவ்வொரு செல் லைனையும் எந்த மீன் என்று அவ்வப்போது சரிபார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

பண்ணைக்காரரிடம் விவரத்தைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். இந்த முறை குஞ்சு விற்பார்களே, அதே மாதிரி ஆக்சிஜன் நிரப்பிய பிளாஸ்டிக் பையில், உயிரோடு. மூளையையும் கண்ணையும் எடுத்து, ஐஸ் மேல் வைத்து அரைத்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டோம். பாக்டீரியா மேலே தங்கிவிடும். நோடா வைரஸ் சுமார் 25 முதல் 30 நானோமீட்டர்தான், தாராளமாகக் கீழே இறங்கிவிடும். அந்தச் சாற்றைச் செல்களின் மேல் விட்டோம். பக்கத்திலேயே சாறு விடாத ஒரு ஃபிளாஸ்க்கும் வைத்தோம்.

மூன்றாம் நாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தேன். முந்தின நாள் வரை பாய் விரித்தது போல நெருங்கிப் படுத்திருந்த செல்களுக்குள் நீர்க்குமிழிகள் போல வெற்றிடங்கள். ஐந்தாம் நாள் செல்கள் சுருண்டு, பெயர்ந்து, ஃபிளாஸ்க்கின் அடி திட்டுத் திட்டாக வெறுமையாகிவிட்டது. சாறு விடாத ஃபிளாஸ்க்கில் ஒரு மாற்றமும் இல்லை. மேலே நின்ற திரவத்தை எடுத்து பிசிஆர் போட்டோம், நோடா வைரஸ்தான். எல்லா முறையும் இவ்வளவு சுலபமாக வராது. முதல் சுற்றில் ஒன்றும் தெரியாவிட்டால், அதே திரவத்தைப் புதிய செல்களுக்கு மாற்றி இரண்டு மூன்று சுற்று பொறுத்துப் பார்க்க வேண்டும். இறால்காரர்களும் இப்படிச் செய்யச் சொல்லிக் கேட்பார்கள். இறாலுக்கு எல்லோரும் நம்பிப் பயன்படுத்தும் நிலையான செல் லைன் இன்னும் கைக்கு வரவில்லை. வெள்ளைப்புள்ளி வைரஸ் ஆராய்ச்சி திணறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பண்ணைக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான். சாகும் தறுவாயில் இருக்கும் மீனை உயிரோடு கொண்டுவாருங்கள். முடியாவிட்டால், செத்த உடனே பையில் கட்டி, தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். வீட்டு ஃப்ரீசரில் போட்டு வைக்க வேண்டாம். ஃபார்மலினில் நாலைந்து குஞ்சு தனியாக வையுங்கள், அது திசுப் பரிசோதனைக்கு உதவும். முழுவதையும் அதில் போடாதீர்கள். சுத்துகிற மீனுக்கு ஆன்டிபயாடிக் கலந்து கொடுக்காதீர்கள். வைரஸை அது ஒன்றும் செய்யாது, பணமும் போய், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாதான் குளத்தில் மிஞ்சும்.

அவருடைய தொட்டிகளைக் குளோரின் போட்டுக் கழுவிக் காயவிடச் சொன்னோம். தாய் மீன் வழியாகவும் இது முட்டைக்கு இறங்கும் என்பதால், பரிசோதித்த தாய் மீனின் குஞ்சா என்று கேட்டு வாங்கச் சொன்னோம். வளர்ந்த மீனுக்கு மலிவான பொடிமீனைத் தீனியாகப் போடுவதையும் நிறுத்தச் சொன்னோம். இந்த வைரஸ் உறைந்த மீனுக்குள்ளும் தாக்குப்பிடிக்கும். அவருடைய குஞ்சுகளிலிருந்து வந்த வைரஸ் இப்போது தேதி எழுதிய சின்னக் குப்பிகளில், எங்கள் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரின் இரண்டாவது தட்டில் இருக்கிறது. எந்தக் கிருமிநாசினி எந்த அளவில் அதைக் கொல்கிறது என்று அடுத்த மாதம் அதே செல்களில் வைத்துப் பார்க்கப் போகிறோம்.